திரை இருண்டதா, படம் திணறுகிறதா: லினக்ஸ் வீட்டுக் கணினியின் கிராபிக்ஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்து வீடுகளுக்குள் லினக்ஸ் இயங்குதளம் நுழைந்தது பள்ளிக்கூடம் வழியாகத்தான். கேரளத்து அரசுப் பள்ளிகளின் கணினிகளில் ஓடுவது கைட் குனு/லினக்ஸ். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே. பள்ளியில் பழகியதை வீட்டிலும் வைத்துக் கொடுத்தால் போதும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெட்டியோ கோவையில் வாங்கிய பழையது. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5, ஹெச்61 மதர்போர்டு, விஜிஏ கேபிள், சிலவற்றில் யாரோ செருகிவிட்டுப் போன குட்டி என்விடியா அட்டை.

கோளாறு எதுவாக இருந்தாலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: "தம்பி, டிரைவர் போட்டுக் கொடு." விண்டோஸ் பழக்கம் அது. இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் லினக்ஸில் தனியாக டிரைவர் போட வேண்டியதில்லை. ஒரு பாதி இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மறுபாதி மெசா என்ற நூலகத்தில் இருக்கிறது. இரண்டும் நிறுவும்போதே வந்துவிடுகின்றன. என்விடியாவுக்கு மட்டும்தான் யோசிக்க வேண்டும். டிரைவர் இல்லாமல் தவிக்கும் கணினிகளைவிட, வேண்டாத டிரைவரைப் போட்டுக் கெடுத்த கணினிகளே என்னிடம் அதிகம் வருகின்றன. எனவே கீழே உள்ள பெரும்பாலான தீர்வுகள் எதையாவது நீக்குவது, அல்லது இருப்பதைச் சரியாகப் பார்ப்பது.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் வழி வந்தவற்றுக்கு. கைட் குனு/லினக்ஸ் 22.04-ம் உபுண்டு 22.04-இன் மேல் கட்டப்பட்டதுதான்.

எதையும் தொடுவதற்கு முன்

டெர்மினலைத் திறந்து "எல்எஸ்பிசிஐ -கே" என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் விஜிஏ என்ற சொல் உள்ள வரியைத் தேடி, அதற்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் என்றால் ஐ915, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு அல்லது ரேடியான், என்விடியா என்றால் நூவோ (லினக்ஸோடு வரும் திறமூல டிரைவர்) அல்லது என்விடியா (நிறுவனத்தின் டிரைவர்) என்று இருக்க வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் கர்னல் அட்டையைக் கையில் எடுக்கவில்லை என்று பொருள்.

அடுத்தது மெசா-யுடில்ஸ் என்ற பொதியை (மென்பொருள் தொகுப்பை) நிறுவி "ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி". இங்கே பி (ஆங்கிலத்தில் ஏ-வுக்கு அடுத்த எழுத்து) மட்டும் பெரிய எழுத்து. "டிவைஸ்" என்ற வரியில் உங்கள் இன்டெல், ஏஎம்டி அல்லது என்விடியா பெயர் வந்தால் முடுக்கம் நடக்கிறது, அதாவது வரைகிற வேலையை கிராபிக்ஸ் சிப்பே செய்கிறது. எல்எல்விஎம்பைப் என்று வந்தால் வரைகிற வேலை முழுவதையும் பிராசஸரே தலையில் சுமக்கிறது.

இந்த இரண்டு விடைகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சரியாக இருந்தால் டிரைவரை மறந்துவிடலாம். கோளாறு கேபிளிலோ உலாவியிலோ வீடியோவின் வகையிலோ இருக்கிறது. முதல் விடை இல்லையென்றால் பழுது கர்னல் மட்டத்தில். முதலாவது சரி, இரண்டாவது மட்டும் எல்எல்விஎம்பைப் என்றால், நீக்கியபோது பாதியில் தங்கிவிட்ட என்விடியா பொதிகளோ எக்ஸ்ஆர்ஜி.கான்ஃப் என்ற பழைய திரை அமைப்புக் கோப்போ இருக்கக் கூடும்.

திரை 1024-க்கு 768-இல் நின்றுவிட்டது, எழுத்தெல்லாம் தடித்துக் கிடக்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ எல்எல்விஎம்பைப் என்று சொன்னால், "கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்" தட்டிப் பாருங்கள். வரியில் நோமோட்செட் என்ற சொல் இருந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. நிறுவும் நாளில் திரை கருப்பானதால் யாரோ "சேஃப் கிராபிக்ஸ்" என்பதைத் தேர்ந்திருப்பார்கள். அந்த ஒரு சொல் கர்னலின் கிராபிக்ஸ் டிரைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்கிறது. நிறுவுவதற்கு மட்டும் வேண்டியது, நிறுவி முடித்த பிறகும் அப்படியே தங்கிவிடுகிறது. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பை சுடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) திறந்து அந்தச் சொல்லை அழித்துச் சேமியுங்கள். பிறகு "சுடோ அப்டேட்-கிரப்", பிறகு ரீஸ்டார்ட். நான் பார்த்த மெதுவான இன்டெல் கணினிகளில் கணிசமானவை இந்த ஒரு சொல்லை எடுத்ததும் எழுந்து நின்றன. அழித்த பிறகு திரை மறுபடி கருப்பானால் கிரப் மெனுவில் இ எழுத்தை அழுத்தி அந்த ஒரு முறைக்கு மட்டும் அதே சொல்லைச் சேர்த்து உள்ளே வரலாம். பிறகு கீழே உள்ள கருப்புத் திரைப் பகுதிக்குப் போங்கள்.

ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ அட்டையின் பெயரைச் சரியாகச் சொல்கிறது, ஆனாலும் திரை சிறிய அளவில் நிற்கிறது என்றால் கேபிளைப் பாருங்கள். மானிட்டர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற சிறு தகவலாகக் கணினிக்கு அனுப்புகிறது. விஜிஏ கேபிளில் இந்தத் தகவல் போவது 12-ஆம், 15-ஆம் ஊசிகள் வழியாக. அவை வளைந்திருந்தாலோ ஒடிந்திருந்தாலோ படம் குறையின்றித் தெரியும், தகவல் மட்டும் போகாது. கணினி பாதுகாப்பாக 1024-க்கு 768 என்று முடிவுசெய்துவிடும். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் ஊசிகளைப் பாருங்கள். அண்டை வீட்டு கேபிளைச் செருகிப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ-இலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டர்களாலும் இதே கோளாறு வரும்.

கேபிள் மாற்ற வழியில்லை என்றால் கட்டாயப்படுத்தலாம். /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில், கர்னலுக்குப் போகும் மேற்கோளுக்குள் "வீடியோ=விஜிஏ-1:1366எக்ஸ்768@60" என்று சேருங்கள். விஜிஏ என்பது பெரிய எழுத்தில். 1366எக்ஸ்768 என்ற இடத்தில் உங்கள் மானிட்டரின் உண்மையான அளவு. பிறகு முன்போலவே அப்டேட்-கிரப், ரீஸ்டார்ட். இணைப்பின் பெயர் விஜிஏ-1 தானா என்பதை "எல்எஸ் /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்" காட்டும். எக்ஸ்ரேண்டர் கட்டளையாலும் இதைச் செய்யலாம். ஆனால் திரையை வரையும் இரண்டு முறைகளில் பழைய எக்ஸ்ஆர்ஜியில்தான் அது நடக்கும், புதிய வேலண்டில் பயன்படாது; ஒவ்வொரு முறை நுழையும்போதும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

யூடியூப் திணறுகிறது, ஃபேன் இரைகிறது

அதிகம் கேட்கப்படுவதும், தவறான தீர்வு அதிகம் சொல்லப்படுவதும் இதற்குத்தான். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ சரியான பெயரைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படம் வரையும் முடுக்கம் இருக்கிறது. வீடியோவைப் பிரித்து விரிக்கும் முடுக்கம் வேறு. அதற்கு அட்டைக்குள் தனிச் சுற்று இருக்கிறது, அந்தச் சுற்று எல்லா வகை வீடியோவையும் அறியாது.

ஓடுகிற யூடியூப் வீடியோவின் மேல் வலது சொடுக்கி "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் திறந்து, கோடெக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். ஏவி01 என்றால் அது ஏவி1 வகை, விபி09 என்றால் விபி9, ஏவிசி1 என்றால் பழைய ஹெச்.264. இன்டெல்லில் ஹெச்.264-ஐ இரண்டாம் தலைமுறையே செய்துவிடும். விபி9-ஐ முழுமையாகச் செய்வது ஏழாம் தலைமுறையிலிருந்து. ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறை வேண்டும். ஐ5-2400 உள்ள பெட்டிக்கு விபி9 வீடியோவைக் கொடுப்பது, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவரிடம் மலையாள விண்ணப்பத்தை நீட்டுவது போல. எந்த டிரைவரும் அவருக்கு அந்த எழுத்தைக் கற்றுக்கொடுக்காது.

தீர்வு எளிது: யூடியூப்பிடம் ஹெச்.264-ஐயே கேட்பது. ஹெச்264ஐஃபை என்ற உலாவி நீட்சியை நிறுவினால் அது பார்த்துக்கொள்ளும். ஹெச்.264-இல் யூடியூப் 1080-க்கு மேல் தருவதில்லை; 1366-க்கு 768 மானிட்டரில் பார்ப்பவருக்கு அதனால் ஓர் இழப்பும் இல்லை. 720-இல் வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து, அந்தத் தனிச் சுற்றை எழுப்பும் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விஏ-ஏபிஐ என்பது அதன் பெயர். "வெயின்ஃபோ" என்ற கட்டளை நிலையைச் சொல்லும். (அந்தப் பெயரிலேயே பொதி இருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் விஏ, அடுத்து இன்ஃபோ.) ஹெச்264 என்ற சொல்லோடு முடிவில் விஎல்டி என்று வரும் வரிகள் இருந்தால் பிரிக்கும் வேலை கிடைக்கிறது. பிழை வந்தால், இன்டெல் நான்காம் தலைமுறை வரை ஐ965-விஏ-டிரைவர் பொதி. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர். ஏஎம்டிக்கு மெசா-விஏ-டிரைவர்ஸ். பழைய பெட்டியில் ஐஹெச்டி டிரைவர் தொடங்க முடியவில்லை என்று ஒரு பிழை வரி வந்து, அடுத்த வரியில் ஐ965 எடுத்துக்கொண்டால் அச்சப்பட ஒன்றும் இல்லை. அது முறைப்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது.

இனி உலாவி. ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் "அபவுட்:சப்போர்ட்" தட்டி, கிராபிக்ஸ் பகுதியில் கம்பாசிட்டிங் என்ற வரியைப் பாருங்கள். வெப்ரெண்டர் என்று மட்டும் இருந்தால் சரி. பக்கத்தில் சாஃப்ட்வேர் என்று ஒட்டியிருந்தால் முடுக்கம் இல்லை. இன்டெல் கணினிகளில் வீடியோ முடுக்கம் லினக்ஸில் தானாகவே இயங்கத் தொடங்கியது 2023-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115-இலிருந்து, ஏஎம்டிக்கு 136-இலிருந்து. அதைவிடப் பழையது வைத்திருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். உபுண்டு 22.04-இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் வடிவில் வருகிறது, தனக்கான நூலகங்களைத் தானே சுமந்துகொண்டு. அதனால் வெயின்ஃபோ நன்றாகப் பேசினாலும் ஃபயர்ஃபாக்ஸ் கேட்காமல் போகலாம். ஐயம் தீர, கணினியில் இருக்கும் ஏதாவது ஒரு எம்பி4 கோப்பை "எம்பிவி --ஹெச்டபிள்யுடெக்=ஆட்டோ" என்ற கட்டளையோடு ஓட்டுங்கள். டெர்மினலில் "யூசிங் ஹார்டுவேர் டிகோடிங்" என்று வந்தால் கணினி சரி, உலாவிதான் தகராறு.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: 2022-இல் வந்த 37-ஆம் பதிப்பிலிருந்து மெசாவில் ஹெச்.264 பிரிப்பு உரிமச் சிக்கலால் எடுக்கப்பட்டிருக்கிறது. ஏஎம்டி அட்டை வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து ஃப்ரீவேர்ல்டு என்று முடியும் மெசா பொதியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்டேட் முடிந்தது, ரீஸ்டார்ட் செய்தால் கருப்புத் திரை

பெரும்பாலும் என்விடியா. முதலில் உள்ளே நுழையுங்கள்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரலாம். வராவிட்டால் கணினி தொடங்கும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடித்து, புதிய வகை யுஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பைத் தட்டி, கிரப் மெனுவை வரவழையுங்கள். "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதில் பழைய கர்னல் இருக்கும். அதில் திரை வந்தால் அட்டை நன்றாக இருக்கிறது, புதிய கர்னலோடு சேர வேண்டிய என்விடியா டிரைவர் துண்டான மாட்யூல்தான் இல்லை.

"டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" தட்டுங்கள். புதிய கர்னலின் எண்ணுக்கு நேராக இன்ஸ்டால்டு என்று இல்லையென்றால் கட்டுமானம் நடக்கவில்லை. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் பொதி இல்லாததே வழக்கமான காரணம்; அதை நிறுவினால் மாட்யூல் தானாகக் கட்டப்படும். மழைக்காலத்தில் இன்னொன்று நடக்கும்: அப்டேட் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்விடும். யுபிஎஸ் இல்லாத வீடுதானே. அப்போது "சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", அதன் பின் "சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்". இந்த இரண்டும் பாதியில் நின்றதை முடித்துவைக்கும்.

மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஏறவில்லை என்றால் "சுடோ மாட்ப்ரோப் என்விடியா" தட்டிப் பிழையைப் படியுங்கள். "கீ வாஸ் ரிஜெக்டட்" என்று வந்தால், கையொப்பமில்லாததை ஏற்றவிடாத செக்யூர் பூட் தடுக்கிறது. நம் கணினியிலேயே கட்டப்பட்ட மாட்யூலுக்கு நம் சாவியைக் கணினி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். நிறுவும்போது கடவுச்சொல் ஒன்றைக் கேட்டிருக்கும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, சில நொடிகள் காத்திருந்து, போயிருக்கும். அதில் "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுத்திருக்க வேண்டும். ஏதோ பிழை என்று எண்ணிப் பலரும் அதை என்டர் அடித்துத் தாண்டிவிடுகிறார்கள். "சுடோ எம்ஓகேயுடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/எம்ஓகே/எம்ஓகே.டெர்" என்று தட்டினால் மறுபடி வாய்ப்புக் கிடைக்கும், எம்ஓகே.டெர் என்பதில் உள்ள எம்ஓகே மட்டும் பெரிய எழுத்து, அதற்கு முந்தையது சிற்றெழுத்து. பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பதும் ஒரு வழி. வீட்டுக் கணினிக்கு நான் அதைக் குற்றமாக நினைப்பதில்லை.

எந்த டிரைவர் எந்த அட்டைக்கு என்பதில்தான் அதிகக் குழப்பம். "உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்" என்ற கட்டளை பரிந்துரைப்பதைப் போடுங்கள், அவ்வளவே. அது எதையும் பரிந்துரைக்கவில்லை என்றால் உங்கள் அட்டை வழக்கொழிந்தது. ஜிடி 210 போன்றவற்றுக்கு 340 என்ற தொடரே கடைசி. அதற்கான ஆதரவு 2019-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. ஜிடி 430, 610 வகைகளுக்கு 390. அது 2022 வரை. ஜிடி 710-க்கு 470. ஜிடி 730 மட்டும் வாங்கியவரின் நல்லூழைப் பொறுத்தது: ஒரே பெயரில் ஃபெர்மி, கெப்ளர் என்று இரண்டு வேறு சிப்புகளோடு விற்கப்பட்டது, முன்னதற்கு 390, பின்னதற்கு 470. எல்எஸ்பிசிஐ வரியில் ஜிஎஃப்108 என்று இருந்தால் ஃபெர்மி, ஜிகே208 என்றால் கெப்ளர்.

வழக்கொழிந்த அட்டைக்காக நிறுவனத்தின் தளத்திலிருந்து ரன் என்று முடியும் கோப்பை இறக்கி ஓட்டாதீர்கள். இன்று ஓடும், அடுத்த கர்னல் வந்த அன்று நிற்கும், பொதி மேலாளருக்கு அது இருப்பதே தெரியாது. ஏற்கெனவே ஓட்டியிருந்தால் "சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால்". நூவோவே போதும் என்று முடிவு செய்தால் "சுடோ ஏபிடி பர்ஜ்" கட்டளைக்குப் பின்னால் மேற்கோளுக்குள் என்விடியா-, அதையடுத்து நட்சத்திரக் குறி. நீக்கிய பிறகு /ஈடிசி/மாட்ப்ரோப்.டி கோப்புறையில் நூவோவைத் தடைசெய்யும் கோப்பு மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பள்ளியில் திறக்கிற பிளெண்டர் வீட்டில் திறக்கவில்லை

லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளிக் கணினி மன்றத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் கோளாறு இது. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் புதிய பதிப்பை இணையத்திலிருந்து இறக்கியிருப்பார்கள். பிளெண்டர் 4.0-இலிருந்து ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தின் 4.3 பதிப்பு வேண்டும். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவின் கீழ்ப்பகுதியில் உங்கள் கணினியின் ஓப்பன்ஜிஎல் எண் இருக்கும்: இரண்டாம் தலைமுறை இன்டெல் 3.3, மூன்றாம் தலைமுறை 4.2. இரண்டும் எட்டாது. பிளெண்டர் 3.6-ஐ இறக்குங்கள், ஓப்பன்ஜிஎல் 3.3 இருந்தால் அது ஓடும். கோர் 2 டியோ காலத்து ஜி41 மதர்போர்டில் ஓப்பன்ஜிஎல் 2.1-க்கு மேல் கிடையாது, அதற்கு பிளெண்டர் 2.79. ஜியோஜீப்ரா, இங்க்ஸ்கேப் போன்றவை இந்த வம்புக்கே வருவதில்லை.

படம் நகரும்போது நடுவில் கிழிகிறது

உள்நுழையும் திரையில் பற்சக்கரக் குறியைத் தொட்டு வேலண்டைத் தேர்ந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எக்ஸ்ஆர்ஜியிலேயே இருக்க வேண்டிய என்விடியாக்காரர்கள், என்விடியா-செட்டிங்ஸில் "ஃபோர்ஸ் ஃபுல் கம்பாசிஷன் பைப்லைன்" என்பதைக் குறியிடலாம்.

மடிக்கணினித் திரை விட்டுவிட்டுச் சிமிட்டுகிறது

இன்டெல் மடிக்கணினி என்றால் கிரப் கோப்பில் "ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0" சேர்த்துப் பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தத் திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை இது அணைக்கிறது. பேட்டரி சற்று முன்னதாகத் தீரும்.

கோடுகள், வண்ணப் புள்ளிகள், நடுவில் உறைந்துபோதல்

இங்கே முதல் சோதனைக்கு லினக்ஸே தேவையில்லை. கணினியைத் தொடங்கி பயாஸ் திரைக்குள் நுழைந்து சற்று நேரம் விடுங்கள். அங்கேயே கோடுகள் தெரிந்தால் டிரைவர் குற்றமற்றது. அட்டை, ராம், கேபிள் மூன்றில் ஒன்று. எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும் மாறாது. இதற்காக விண்டோஸையும் லினக்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காசு வாங்குபவர்கள் எல்லையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

பயாஸில் சுத்தமாக இருந்து லினக்ஸில் உறைகிறது என்றால், உறைந்து மறுபடி தொடங்கிய பிறகு "ஜர்னல்சிடிஎல் -கே -பி -1" (பி முன்பு சொன்ன அதே எழுத்து, இங்கே சிறியது). கடைசிப் பக்கத்தில் ஐ915-இன் "ஜிபியு ஹேங்" என்றோ ஏஎம்டிஜிபியுவின் "ரிங் டைம்அவுட்" என்றோ இருந்தால் வேறு கர்னலில் சில நாள் ஓட்டிப் பாருங்கள். எதுவும் பதிவாகாமல் சட்டென்று நின்றிருந்தால் நான் வெப்பத்தையே முதலில் சந்தேகிப்பேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கத்து வறண்ட வயல்களின் தூசியை வாரிக்கொண்டுவந்து கொட்டுகிறது. பெட்டியைத் திறந்தால் ஹீட்சிங்க்கின் தகடுகள் தெரியாத அளவுக்குப் படிந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். ராமையும் அட்டையையும் கழற்றி, அவற்றின் பொன்னிற விளிம்பை அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள்.

அப்படியும் தீரவில்லை என்றால் அந்தக் குட்டி அட்டையைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டின் விஜிஏ வாயில் செருகுங்கள். ஜிடி 210-ஐ இழந்தால் ஐ5-3470-க்குக் குறை ஒன்றும் வராது; உள்ளிருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் அதைவிடத் தேவலாம். கழற்றுவதற்கு முன் பிராசஸரின் பெயரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கழித்த சர்வர்களில் வரும் ஜியான் வகைகள் சிலவற்றிலும் எஃப் என்று முடியும் இன்டெல் எண்களிலும் கிராபிக்ஸ் கிடையாது, அட்டை இல்லாமல் திரையே வராது. கழற்றிய பின் என்விடியா பொதிகளையும் நீக்கிவிடுங்கள். /ஈடிசி/எக்ஸ்11 கோப்புறையில் எக்ஸ்ஆர்ஜி.கான்ஃப் என்று ஒரு கோப்பு இருந்தால் அதன் பெயரையும் மாற்றிவையுங்கள். அது இருக்கும்வரை எக்ஸ்ஆர்ஜி இல்லாத அட்டையைத் தேடிக்கொண்டு கருப்புத் திரையிலேயே நிற்கும்.